கிளாரி இல்லாத நேரத்தில் ஓர் ஒத்திகை

டூலன் மாட்டுப்பண்ணையின் முகாமுக்குள் ஜீப் இழுத்து வருகிற வீட்டுவண்டியாகிய கேரவன் ஒன்று புதிதாக நுழைகிறதென்றால், ஏற்கெனவே தங்கியிருக்கும் கிழடுகட்டைகள் அத்தனை பேரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். நாட்டின் வடமேற்குக் கோடியான கிம்பர்லியின் அந்த மூலையில் டிவி கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்து ரிவர்ஸ் எடுக்க, பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்ட, கேரவன் மட்டும் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் பீப்பாயாய்ப் பெருத்த போவாப் மரத்தை முட்டப் போகும். கல்யாணம் முறிகிற எல்லை வரை போய்த் திரும்பும் அந்தக் காட்சியை விட்டால் அங்கே வேறு பொழுதுபோக்கு ஏது?

கிளாரியும் நோலீனும் வந்த சாயங்காலம் காட்சி ரொம்ப நேரம் ஓடியது. கிளாரி தெற்கே விக்டோரியா மாநிலத்தில், கோதுமைக் காட்டு நடுவிலிருக்கும் ஹோப்டன் என்ற சிற்றூரில், வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பஸ் ஓட்டியவருக்கு இன்னொருத்தர் கையாட்டி வழி சொல்வதா? நோலீன் இடது பக்கம் கை காட்டினால் அவர் வலது பக்கம் திருப்பினார். நிறுத்தச் சொல்லி அவள் இரண்டு கையையும் தூக்கினால், ஏதோ ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்கிற தினுசில் மேலும் பின்னால் வந்தார். கடைசியில் குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டுத்தான் கேரவன் நின்றது. நாற்காலிகளிலிருந்து கைதட்டல் கிளம்பியது.

கிளாரி இறங்கி வந்து எல்லோரையும் பார்த்து, "நோலீனுக்குக் கைசாடை வரல, பாவம். வீட்டு நினைப்பு வந்துட்டா இவளுக்கு ஒண்ணும் ஓடாது," என்றார்.

இந்த 'நோலீனுக்கு வீட்டு நினைப்பு' என்கிற பாட்டை மனுஷர் ஓய்வு பெற்று நாடு சுற்றப் புறப்பட்ட நாளிலிருந்தே பாடிக்கொண்டு வந்தார். ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பயணம் என்றதும் நோலீன் நடுங்கித்தான் போனாள். ஹோப்டன் ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் நோயாளிகளுக்கு உப்பில்லாமல் காய்கறி வேகவைத்தே காலம் தள்ளியவள் அவள். பாம்புக் கடிக்கு, தேள் கடிக்கு, கடிக்காமலே வீங்கினால் அதற்கு என்று ஒரு பெட்டி நிறைய மருந்து கட்டினாள். முதல் முகாமில், கழிப்பறைப் பீங்கானுக்குள் உட்கார்ந்திருந்த பச்சைத் தவளையைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் பக்கத்து கேரவன்காரர் கோடாலியோடு ஓடி வந்தார்.

ஆனால் வடக்கே போகப் போக என்ன ஆயிற்றோ தெரியாது. சாலையின் வரிப்பள்ளங்களில் வண்டி தடதடவென்று ஆடி, பாத்திரமெல்லாம் உருண்டு, சமையல் பெட்டிக்குள் மாவும் சர்க்கரையும் ஒன்றாய்க் கலந்தபோது, கிளாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். நோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாவிலேயே தணலில் ரொட்டி சுட்டாள். இனிப்பு ரொட்டி என்று பெயர் வைத்துப் பக்கத்து வண்டிகளுக்கும் கொடுத்தாள். தவளையைப் பூப்போல இரண்டு கையாலும் எடுத்து வெளியே விடப் பழகினாள். செம்புழுதி படிந்த தலைமயிரைக் கத்தரிக்கோலை எடுத்து அவளாகவே ஒட்ட வெட்டிக்கொண்டாள். கிளாரி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஊருக்குப் போறதுக்குள்ள வளர்ந்துடும்," என்றார்.

டூலன் பண்ணைக்கு வந்து சில நாளிலேயே அவள் கை எல்லா இடத்திலும் பட ஆரம்பித்தது. முகாமைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி, புருஷனுக்கு முட்டி போய்விட்டதென்று பெர்த் நகர ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். விறகு போட்டு வெந்நீர் காய்ச்சும் பாய்லர் அணைந்து கிடந்தது. குளிக்கப் போனவர்கள் அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். நோலீன் போய்ப் பற்ற வைத்தாள். ஜெனரேட்டர் சத்தத்துக்காக இரண்டு கிழவர்கள் மல்லுக்கு நின்றபோது, ஒருவரைப் போவாப் மரத்துக்கு அந்தப் பக்கம் இடம் மாற்றி இருவருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். புதிதாக வந்த கேரவன்களுக்கு அவளே பின்னால் நின்று கை காட்டினாள். அதிசயம் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரே வீச்சில் போய் நின்றது. வேடிக்கை கெட்டுப்போயிற்றே என்று நாற்காலிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சாடைக்கு அடங்காத வண்டி கிம்பர்லியிலேயே ஒன்றுதான் இருந்தது என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இதையெல்லாம் பண்ணைக்காரி ட்ரூடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இளம் வயதுக்காரி, நேராகப் பேசுகிறவள். அன்று காலை பாய்லருக்கு அருகில் வந்து நின்றாள்.

"நோலீன், இந்த முகாம நீயே பாத்துக்கிறியா? மழை வந்து ரோடு மூடுற வரைக்கும் போதும். தங்குறதுக்குக் காசு வேணாம், மாட்டிறைச்சி நம்ம பண்ணையிலருந்து. உன் வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுக்கோ. நாளைக்குக் காலைல எனக்குப் பதில் வேணும், இல்லன்னா குனுனுரா டவுன்ல ஒரு ஜோடி காத்திட்டிருக்கு, அவங்கள வரச் சொல்லிடுவேன்."

நோலீன் ஆகட்டும் என்று அந்த இடத்திலேயே கத்தியிருப்பாள். ஆனால் நாளை மறுநாள் தெற்கே கிளம்புகிறோம் என்று கிளாரி முகாம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். காரணம்? வேறென்ன, நோலீனுக்கு வீட்டு நினைப்பு.

கிளாரியிடம் எப்படிச் சொல்வது? அங்கேதான் அவளுக்கு முட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை, வேண்டாம் என்று மறுத்ததுமில்லை. கொடுமைக்காரப் புருஷனாக இருந்தாலாவது எதிர்த்து நிற்கலாம். இவர் நல்லவர், கரிசனமானவர். அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லி முடித்துவிடுகிறவர். அப்படிப்பட்டவரிடம் புகுந்து பேச இடம் ஏது?

அன்று பகலில் பள்ளத்தாக்கு அருவிக்குப் போய் வருவதாக ஏற்பாடு. கேரவன்களை முகாமிலேயே விட்டுவிட்டு இரண்டு ஜீப்புகள் கிளம்பின. முன்னால் முகாமில் தங்கியிருந்த மெர்வும் அவர் மனைவி பெரிலும், பின்னால் கிளாரியும் நோலீனும். நோலீனுக்கு அருவியும் தெரியவில்லை, அதில் குளித்ததும் தெரியவில்லை. 'கிளாரி, ஒரு விஷயம்' என்று போகும்போது ஒரு முறை ஆரம்பித்தாள். "ம், தெரியும், ஏசியக் கூட்டணும், அதானே?" என்று அவர் கூட்டிவிட்டார். அவள் குளிரில் உட்கார்ந்து வந்தாள்.

திரும்பும் வழியில், முகாமுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, மெர்வுடைய ஜீப்பின் பின்சக்கரத்தைக் கூர்ங்கல் கிழித்துவிட்டது. டயர் வெடித்தால் கிளாரிக்குக் கொண்டாட்டம். யாருடைய டயராக இருந்தாலும் அவர்தான் தலைமை தாங்குவார். புழுதி அடங்கட்டும் என்று தன் ஜீப்பைச் சற்றுப் பின்னாலேயே நிறுத்தி, ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு, "நீ இறங்காத, வெயிலு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நோலீனுக்கு அது நல்லதாகப் போயிற்று. மடியிலிருந்த பின்னல் பையைப் பக்கத்தில் போட்டாள். பக்கத்தில் என்றால், இருக்கைக்கும் தண்ணீர் டப்பாவுக்கும் நடுவில். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவின் மைக், சாலை ஆட்டத்தில் கொக்கியிலிருந்து கழன்று அங்கேதான் கிடந்தது. பை அதன் பொத்தானின் மேல் ஏறி உட்கார்ந்தது. இந்தக் காலத்து ரேடியோவாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே வாயை மூடிக்கொள்ளும். இதுவோ கிளாரி பஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டிய பழைய ரேடியோ, அமுக்கினால் அமுக்கினதுதான். இனி இந்த ஜீப்புக்குள் தும்மினால்கூட மெர்வின் வண்டியிலும், பண்ணை வீட்டுச் சமையலறையில் ட்ரூடி நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் ரேடியோவிலும் கேட்கும். நோலீனுக்கு இது தெரியாது. அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒத்திகையைத் தொடங்கினாள்.

"கிளாரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ட்ரூடி என்ன முகாமப் பாத்துக்கச் சொல்றா."

பதிலையும் அவளே சொன்னாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு 'ம்' போட்டு, அச்சு அசலாகக் கிளாரியாகவே மாறிவிட்டாள்.

"ம், நல்ல பொண்ணு அந்த ட்ரூடி. ஆனா உன் முதுகு என்ன ஆகும்? ம், வீட்ல எலுமிச்ச மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

"அது... பக்கத்து வீட்ல ஊத்துவாங்க."

"ம், அவங்க ஊத்துவாங்க. ஊத்தி ஊத்தியே அழுக விட்டுருவாங்க. உனக்கு அது தாங்காது நோலீன். உன்ன எனக்குத் தெரியாதா?"

நோலீன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை கொஞ்சம் கண்டிப்பாக. அதற்கும் கிளாரி குரலில் அதைவிடக் கனிவான பதில் வந்தது. என்ன கூத்து என்றால், புருஷனாகப் பேசும்போது அவளுக்கு நியாயங்கள் மடை திறந்துகொண்டு வந்தன. தனக்காகப் பேசும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்தும் அவள் கிளாரியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை கிளாரி குரலில், "ம், உனக்கு வீட்டு நினைப்பு வந்துடுச்சு, அதான் கொழப்பம்," என்று சொன்னாளோ இல்லையோ, அவளுக்கே பொறுக்கவில்லை.

"வாய மூடு கிளாரி! யாருக்கு வீட்டு நினைப்பு? எனக்கா? உனக்கு! ஊருக்கு ஓடணும்னு உனக்கு இருக்கு, அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு என் பேரச் சொல்லித் தப்பிக்கிற. பயந்தாங்கொள்ளி! நானும் போனாப் போவுதுன்னு தலைய ஆட்டிட்டே வந்தேன். எனக்கு இங்க எவ்ளோ புடிச்சிருக்கு தெரியுமா? ஹோப்டன்ல தெருவுல போனா எல்லாரும் 'கிளாரி எப்படி இருக்காரு'ன்னு கேப்பாங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தி கேட்டிருப்பாளா? இங்க காலைல எழுந்தா பத்து பேரு 'நோலீன், நோலீன்'னு கூப்புடுறாங்க. இத விட்டுட்டு வர எனக்கு மனசு இல்ல. உன்ன விட்டுட்டு இருக்கவும் ஆசை இல்ல. ஆனா எனக்கு வேணும்னு ஒண்ணுகூடக் கேக்காமலே செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு, கிளாரி."

அப்புறம் மூக்கைச் சிந்தினாள். அதுவும் ரேடியோவில் நன்றாகக் கேட்டதாகப் பின்னால் தெரிந்தது.

கிளாரி திரும்பி வந்தபோது கையெல்லாம் கிரீஸ். "மாட்டியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு," என்றார். டயர் மாற்றியதை நட்டு நட்டாக விவரிக்காமல் மனுஷர் ஒற்றை வார்த்தையில் முடித்தது அவளுக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. பின்னல் பையை எடுத்து அவள் மடியில் வைத்தார், கீழே கிடந்த மைக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டினார், வண்டியைக் கிளப்பினார். எதிரே வந்த மாட்டு லாரிக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். கிளாரி பதிலுக்கு விரலைத் தூக்கவில்லை. இதுவரை அப்படி நடந்ததே இல்லை. வெயில் தாக்கிவிட்டதோ என்று நோலீன் கவலைப்பட்டாள்.

முகாமில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் பெரில் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அடியே, உன் கிளாரி குரல் கிளாரிய விட நல்லா இருக்குடி!"

"எந்தக் குரல்?"

பெரில் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஓடி வந்து சொல்லிடலாம்னுதான் கெளம்புனேன். உன் வீட்டுக்காரருதான் கைய நீட்டி மறிச்சிட்டாரு. ஸ்பேனரக் கையில புடிச்சிக்கிட்டு, நீ சொன்ன கடைசி வார்த்த வரைக்கும் நின்னு கேட்டாரு. அப்புறம் மெர்வப் பாத்து, 'நட்டு டைட்டா இருக்கா?'ன்னாரு. அவ்ளோதான்."

"ஐயோ, பயந்தாங்கொள்ளின்னு வேற சொன்னேனே!"

"சொன்ன. வாய மூடுன்னும் சொன்ன. அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது."

ஐந்து மணிக்கு வழக்கம்போல எல்லோரும் அவரவர் நாற்காலி, அவரவர் பீர், அவரவர் கொறிக்கும் தட்டோடு நெருப்பைச் சுற்றிக் கூடினார்கள். நோலீன் கேரவனுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். ஆனால் வராமல் இருந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள் என்று வந்து உட்கார்ந்தாள். ட்ரூடியும் அன்று வந்திருந்தாள்.

"நோலீன்," என்றார் மெர்வ், பீர் டப்பாவைத் திறந்தபடி, "என் குரல் வருமா உனக்கு? பெரில்கிட்ட எனக்கு ஒரு மீன்பிடி தூண்டில் கேக்கணும், தைரியம் வரல."

சிரிப்பு வெடித்தது. இன்னொருவர் எழுந்து, "ம், எலுமிச்ச மரத்துக்கு யாருய்யா தண்ணி ஊத்துறது?" என்றார். ரேடியோ இல்லாதவர்களுக்குக்கூடச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. நோலீன் தட்டிலிருந்த சீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாரியும் லேசாகச் சிரித்தார், அல்லது சிரிக்கப் பார்த்தார்.

"யோவ் கிளாரி, நாளன்னிக்குக் கெளம்புறீங்களா இல்லியா?" என்று மெர்வ் கேட்டார்.

கிளாரி வாயைத் திறந்தார். "நோலீனுக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. அவர் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"எனக்கு," என்றார். "எனக்குத்தான் ஊருக்குப் போகணும். அவ சொன்னது நெசம். ஹோப்டன்ல பேக்கரிக்குள்ள காலெடுத்து வெச்சா, நான் கேக்குறதுக்கு முன்னாடியே கறி பஃப்ஸ் பொட்டலம் கட்டிருவாங்க. ஊர்ல பாதிப் பேரு என் பஸ்ல ஏறி இறங்குனவங்க. இங்க நான் யாரு? குப்பைத் தொட்டியச் சாய்ச்ச ஆளு." யாரோ சிரித்தார்கள்; உடனே அடக்கிக்கொண்டார்கள். "ராத்திரில முழிச்சிப் படுத்துக் கெடக்கேன். அதச் சொல்றதுக்கு வாய் வரல. அவ பேர்ல போட்டுட்டேன்."

நோலீனுக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் தன்னைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. பாவம், பாவம் என்று மனசு அடித்துக்கொண்டது. 'சரி கிளாரி, போயிடலாம்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அது அப்படித்தான் வந்திருக்கிறது. அவர் முகம் வாடினால் போதும், அவள் வேண்டியதைக் கீழே போட்டுவிடுவாள். பெரில் அவளையே முறைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ட்ரூடி சொன்னாள்: "நோலீன், ரேடியோல நானும் கேட்டேன். ஆனா அத நான் பதிலா எடுத்துக்க மாட்டேன். நீ என்கிட்டயும் பேசல, அவருகிட்டயும் பேசல. இப்ப ரெண்டு பேரும் எதிர்லதான் இருக்கோம்."

நோலீன் எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்லத் தெம்பில்லை.

"நான் இருக்கப் போறேன்," என்றாள் ட்ரூடியிடம். அப்புறம் கிளாரியின் பக்கம் திரும்பினாள். இந்த முறை வந்தது அவளுடைய சொந்தக் குரல். "கிளாரி, நான் இங்க இருக்கணும். மழை வர்ற வரைக்கும். எனக்கு வேணும்."

கிளாரி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஊருக்குப் போனா?" என்றார் கிளாரி.

"போயிட்டு வா. நான் கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. கேரவன் இங்க இருக்கட்டும், ஜீப்ப எடுத்துட்டுப் போ. உன் பேக்கரி, உன் ஆளுங்க எல்லாரையும் பாத்துட்டு, மழைக்கு முன்னாடி வந்து என்னக் கூட்டிட்டுப் போ."

"தனியா இருக்க முடியுமா உன்னால?"

"முடியும்," என்றாள் நோலீன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "உன்னால?"

கிளாரி சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தன் சார்பில் யாராவது எதையாவது சொல்வார்களா என்று தேடுகிற மாதிரி இருந்தது. எல்லோரும் வாயில் கொழுக்கட்டை. தொப்பியை இரண்டு சுற்று சுற்றினார்.

"முடியாது," என்றார்.

நோலீன் இடுப்பில் செருகியிருந்த பாத்திரம் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்தாள், மூக்கையும் துடைத்தாள். பிறகு அவர் எதிரே போய் நின்று, துணியை அவர் தோளில் போட்டாள்.

"அப்ப இரு. ஆனா ஒண்ணு, இங்க நான் சொல்றதுதான். காலைல எழுந்ததும் கக்கூஸ் கழுவுறது உன் வேலை."

"எத்தன கக்கூஸ்?" என்று கேட்டார் கிளாரி, ட்ரூடியைப் பார்த்து.

"அவகிட்ட கேளுங்க," என்றாள் ட்ரூடி.